மரதன் ஓட்டமும் மாறும் வானிலையும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் விடுத்த அழைப்பு எம்மை வந்தடைந்தபோது, எமது தொழிலைப்பற்றி எழுதினால் வாசிப்பார் ஒருவருமிலர் என்பதை உணர்ந்து, ஓய்வுநேரத்தில் நாம் கற்ற பாடமொன்றையே எழுதத் துணிந்தோம். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர்கள் இதனை வாசித்து நகைப்பர் என்பதை நன்கு அறிவோம். கல்லூரி இல்லப் போட்டிகளிலே மரதன் என்னும் பெயரால் வீதிவழியே நடாத்தப்பெற்ற ஐந்து கட்டை ஓட்டத்தில் நாம் ஒருபோதும் முதல் முப்பதின்மருள் வந்ததில்லை. அந்நாளில் ஓட்டம் விடியற்காலையில் ஆரம்பமாகி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். வானிலை என்று ஒன்று உண்டென எவரும் சிந்தித்ததுமில்லை. உண்மையான மரதனோ 42.195 கிலோமீற்றர், அஃதாவது 26 கட்டைக்குச் சற்றே அதிகம். அத்தூரத்தை எம்போன்ற சாதாரணர் ஓடி முடிக்க நான்கு ஐந்து மணித்தியாலங்கள் செல்லும். காலையில் ஒரு வானிலையிலே புறப்பட்டுப் பிற்பகலில் வேறொரு வானிலையிலே முடிப்பதும் உண்டு.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மரதன் 1897 ஆம் ஆண்டிலே தொடங்கியது. வழக்கமாக ஏப்பிரல் மாதத்து மூன்றாந் திங்கட்கிழமையன்று நடைபெறுவது. நாம் வாழும் பகுதியும் அதுவே ஆகையால் அதனையே உதாரணமாகக் கொள்வோம். ஏப்பிரலில் அந்நாட்டிலே பனிக்காலம் முற்றாக நீங்குவதில்லை. வசந்தகாலம் முற்றாகப் பிறப்பதுமில்லை. உள்நாட்டிலிருந்து காற்று வீசினால் வெப்பம். அத்திலாந்திக்கிலிருந்து வீசினால் குளிர். போதாக்குறைக்கு ஓட்டப்பாதை வட்டமாக அமையாது, மேற்கேயுள்ள ஹொப்கின்ரன் என்னும் சிற்றூரிலிருந்து கிழக்கே நகரை நோக்கி ஒரே திசையிற் செல்கிறது. ஆதலின் காற்று துணையாக வந்தால் முழுத்தூரமும் துணை. பகையானால் முழுத்தூரமும் பகை. 2011 இல் மேல்காற்று முதுகிலே தள்ள, கென்யாவைச் சேர்ந்த ஜெப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் ஓடி முடித்தார். அன்றுவரை எவரும் அவ்வளவு விரைவாக மரதன் ஓடியதில்லை. ஆயினும் ஒரே திசையிற் சென்று இறங்கும் பாதை என்பதனால் அஃது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு, அதே பாதையில், கடும் வெயிலில், அவர் இடைவழியிலேயே விலகினார். அவ்வாண்டு வென்ற வெஸ்லி கோரிர் என்பவருக்கு 2 மணி 12 நிமிடம் 40 செக்கன் எடுத்தது.

2012 ஆம் ஆண்டின் அந்த வெயிலை நாமும் கண்டோம். அறநிதியமொன்றுக்குப் பணந் திரட்டும் ஓட்டக்காரருள் ஒருவராக எமக்கும் ஓர் இலக்கம் கிடைத்திருந்தது. ஓட்டத்துக்கு முன்னரே அமைப்பாளர் அனைவருக்கும் எச்சரிக்கை விடுத்தனர். அன்று ஓட விரும்பாதோர் அடுத்த ஆண்டு ஓடலாம் எனவும் சலுகை அளித்தனர். எமக்கோ உள்ளூரப் பெருமை. சித்திரை வெயிலிலே செம்மண் தெருவில் வெறுங்காலுடன் திரிந்த எம்மை, 30 பாகை வெப்பம் என்ன செய்யும் என்று எண்ணினோம். "நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இருபத்தெட்டு வருஷம். அந்த வெயில் இன்னும் உங்களோடையே இருக்குது?" என்று இல்லாள் கேட்டதைச் செவியிற் கொண்டோமல்லேம். நாலரை மணித்தியாலத்தில் முடிப்பதென்று பனிக்காலத்திலே வகுத்த கணக்கின்படியே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினோம். 27 ஆவது கிலோமீற்றரளவில், நியூற்றன் மேடுகளின் தொடக்கத்தில், கொளுத்தும் வெயிலிலே மயிர் கூச்செறிந்து குளிரெடுத்தது. உடம்பு குளிர்கிறது, இனிப் பயமில்லை என மயங்கினோம். அதன்பின் நினைவிலிருப்பது பனிக்கட்டி மிதந்த தொட்டியொன்றிலே கழுத்தளவு நீரில் இருத்தப்பட்டிருந்தமையும், எமது உடல்வெப்பம் 40 பாகையைக் கடந்திருந்தது என ஒரு வைத்தியர் கூறியமையுமே.

நடந்தது யாது என்பதை விளங்கிக்கொள்ள, கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தை நினைவுகூர்தல் வேண்டும். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வீதம் ஓடும்போது ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். அதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு ஓட்டமாக மாறாது வெப்பமாகவே வெளிப்படும். அவ்வெப்பம் வெளியேற வழியில்லையெனின், உடல் ஏழு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் சூடேறும். அரைமணி நேரத்திலே உயிருக்கு அபாயம் நேரும். இயற்கை அமைத்த வழி வியர்வை. ஒரு இலீற்றர் வியர்வை ஆவியாகும்போது 580 கிலோகலோரியளவு வெப்பத்தை உடன்கொண்டு செல்கிறது. ஆவியாதல் என்பதே ஈண்டு முக்கியம். சொட்டி நிலத்தில் வீழும் வியர்வையால் பயனில்லை. வளியில் ஈரப்பதன் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது சொட்டும். எமது ஆசிரியர் ஈரத்துணி சுற்றிய குமிழையும் உலர்ந்த குமிழையும் அருகருகே தொங்கவிட்டு வாசிக்கச் சொன்னபோது, இஃது எதற்கென்று அறியாமலே வாசித்து எழுதினோம். 1950களில் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களிலே வெயிலில் இளைஞர் வீழ்வதைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட அளவையிலே, பத்தில் ஏழு பங்கு அந்த ஈரக்குமிழுக்கே உரியது. இரு பங்கு வெயிலில் வைத்த கருங்கோளத்துக்கு. சாதாரண வெப்பமானிக்கு எஞ்சிய ஒரு பங்குதான். வெப்பநிலையை மாத்திரம் கேட்டறிந்து புறப்படும் ஓட்டக்காரன் அந்த ஒரு பங்கை மட்டுமே அறிந்தவனாவான்.

வெயிலுக்கு உடம்பைப் பழக்குதல் இயலும். பத்து முதல் பதினான்கு நாள்வரை நாடோறும் வெப்பத்தில் ஓடினால், குருதியின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முன்னதாகவே அரும்பும். அதனுடன் கழியும் உப்பும் குறையும். ஆனால் அவ்வாறு பெற்ற பழக்கம் வெயிலை விட்டு நீங்கிய சில வாரங்களிலே கழிந்துவிடும். பிறந்த ஊர் என்னும் உரிமை அங்கே செல்லாது. நான்கு மாதம் உறைபனியிலே பயிற்சி செய்த நாம், அன்று ஹொப்கின்ரனில் நின்ற எந்த வெள்ளையரினும் வெயிலுக்குப் பழகியவரல்லேம்.

நீர் அருந்துவதிலும் ஒரு பேதைமை உண்டு. முன்னாளில் ஓட்டத்தின்போது நீர் அருந்துதல் வலிமையின்மை எனக் கருதப்பட்டது. பின்னர் இயன்றமட்டும் குடி என்று அறிவுரை மாறிற்று. 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனை முடித்தவருள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்கு 13 பேரின் சோடியம் இயல்பளவுக்குக் கீழே குறைந்திருந்தமை கண்டறியப்பட்டது. ஓட்டத்தின் நடுவே அளவுக்கு மீறி நீர் குடித்து உடல்நிறை கூடியவரே அவருட் பலர். தாகத்துக்குக் குடித்தல் என்னும் பழைய வழியே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

நிற்க. 2012 இல் நேர்ந்ததன் பின் நாம் பயிற்சி முறையை மாற்றினோம். முன்னர் மழையென்றால் நாளை, காற்றென்றால் மாலை எனத் தள்ளிப்போடுவதே வழக்கம். அவ்வாறு நல்ல நாட்களிலேயே ஓடிப் பழகியவன், தான் தெரிவுசெய்யாத ஒரு நாளில் ஓட நேரும்போது திகைப்பான். ஆகவே மின்னலும், வீதியிற் கண்ணாடிபோல் உறையும் பனியும் தவிர்ந்த எதற்காகவும் ஞாயிறு ஓட்டத்தை ஒத்திவைப்பதில்லை என்று விதித்துக்கொண்டோம். சாள்ஸ் ஆற்றங்கரையிலே காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு வீடு திரும்புவதே முறை. மாறிச் செய்தால், வியர்வையில் நனைந்த உடம்புடன் எதிர்காற்றில் வரநேரிடும். புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும். வாயிலிலேயே இதமாக இருப்பவன் இரண்டாங் கட்டையிலே ஆடையைக் கழற்ற இடந் தேடுவான். பருத்தி ஆடை நனைந்தால் நனைந்தவாறே உடம்பில் ஒட்டிக்கிடக்கும். அதனை அறவே விலக்கினோம். யாவற்றினும் மேலாக, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சின் அளவைக்கொண்டு வேகத்தை அறியப் பழகினோம். ஒரு முழு வசனம் பேச இயலுகிறதா, நாலு சொல்லில் மூச்சு முட்டுகிறதா என்பதே அளவுகோல். வெயிலோ எதிர்காற்றோ வந்தால் அதே மூச்சுக்கு வேகம் தானாகக் குறையும். கடிகாரமோ வானிலையை அறியாது. இதனைப் பழக எமக்கு இரண்டு பனிக்காலங்கள் சென்றன. தற்பெருமை உடையவர்க்கு இதுவே யாவற்றினும் கடினம்.

2018 ஏப்பிரல் 16 ஆந் திகதி மறுமுறை அவ்வீதியில் நின்றோம். வெயிலுக்கென்று எவ்வளவோ ஆயத்தம் செய்திருந்தோம். வந்ததோ மூன்று நான்கு பாகைக் குளிரும், கொட்டும் மழையும், முகத்தில் அறையும் கடற்காற்றும். ஹொப்கின்ரன் பாடசாலை மைதானம் சேறாகிக் கிடந்தது. சப்பாத்துக்கு மேலே பொலித்தீன் பைகளைக் கட்டிக்கொண்டும், குப்பை போடும் பையில் தலைக்கும் கைக்கும் துளையிட்டு அணிந்துகொண்டும் காத்திருந்தோம். கல்விமான்களும் வைத்தியர்களும் அக்கோலத்திலே நின்ற காட்சியைச் சொற்களிற் கூறல் அரிது.

குளிரிலே ஓட்டக்காரனின் கணக்குத் தலைகீழாகிறது. ஓடும்வரை உடம்பு தன் வெப்பத்தாலேயே தன்னைக் காக்கும். களைத்து வேகம் குறைந்தால் வெப்பம் குறையும். வெப்பம் குறைந்தால் தசைகள் விறைத்து வேகம் மேலும் குறையும். நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக உடம்பு கைகால்களிலிருந்து குருதியை உள்வாங்கிக்கொள்ளும். 18 ஆவது கிலோமீற்றரில், சத்துக்காக எடுத்துவந்த இனிப்புக் களிப் பொதியைத் திறக்க எமது விரல்கள் இயங்கவில்லை. கம்பளிக் கையுறை நீரிற் கனத்துத் தொங்கிற்று. உள்ளே மெல்லிய இறப்பர்க் கையுறையொன்று அணிந்திருந்தால் அத்துன்பமில்லை. அதனை ஒருவரும் சொல்லித்தரவில்லை. அருகே ஓடிய முதிய மாதொருவர், எம்மைக் கேளாமலே பொதியை வாங்கிப் பல்லாற் கிழித்துத் தந்துவிட்டு முன்னே சென்றார். அவர் முகத்தைத்தானும் நாம் சரியாகக் காணவில்லை.

அன்று வென்றவர் யப்பானியராகிய யூக்கி கவாஉச்சி. அவர் தொழில்முறை ஓட்டவீரரல்லர்; சயிற்றாமா மாகாண அரசாங்கத்தில் முழுநேர உத்தியோகம் பார்த்தவர்; பாடசாலையொன்றின் அலுவலகத்திற் கடமையாற்றியவர். எம்மூர் எழுதுவினைஞர் இதனைக் கவனிப்பாராக! அவ்வாண்டு புதுவருடத் தினத்தன்று, அதே மாநிலத்தில், பூச்சியத்துக்குக் கீழே 17 பாகையளவு குளிரில் ஒரு மரதனை ஓடி முடித்தவர் அவர். பொஸ்ரனில் அவருக்கு எடுத்த 2 மணி 15 நிமிடம் 58 செக்கன், 1976 இன் பின் அங்கு வென்றவர் எவருக்கும் எடுத்ததைவிட அதிகம். 1976 இலோ 35 பாகையைத் தாண்டிய வெயிலில், வீதியோரத்து வீட்டார் தோட்டக் குழாய்களால் நீர் பாய்ச்ச, ஜாக் புல்ற்ஸ் என்பவர் 2 மணி 20 நிமிடம் 19 செக்கனில் வென்றார். பெண்களுள் வென்ற டெசிறே லிண்டன் தொடக்கத்திலேயே விலக எண்ணி, அதுவரை தோழியர்க்காவது உதவுவோமெனச் சகநாட்டவரான ஷலேன் பிளனகனுக்காகத் தாமதித்துக் காத்துநின்றவர். இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், மயக்கமருந்து கொடுக்கும் தாதியாகத் தொழில் புரிந்துகொண்டே பயிற்சி செய்தவர். அன்று 2500 க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்க்கு வைத்திய உதவி தேவைப்பட்டது.

எமது வரலாறு இவ்வளவு சிறப்புடையதன்று. வெப்பத்தாக்கிலும் குளிர்த்தாக்கிலும் முதலிற் கெடுவது அறிவு. கெட்டதை அறியவேண்டியதும் அதே அறிவு. ஆகையால் இல்லாளுடன் முன்னரே ஓர் உடன்படிக்கை செய்திருந்தோம். ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை பதின்மூன்றாம் வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்லவேண்டும். பிழைத்தால் அண்மையிலுள்ள வைத்தியக் கூடாரத்துட் செல்லவேண்டும். கேள்வி கேட்டல் கூடாது. எமது கணித ஆசிரியர் பிரம்புடன் நின்று புகட்டிய வாய்பாடு அது. 20 இலும் 25 இலும் பிழையின்றிச் சொன்னோம். 30 ஆவது கிலோமீற்றரில், பதின்மூன்றெட்டுத் தொண்ணூற்றுநாலு என்றோம். சரியென்றே தோன்றிற்று. சிறிது தூரம் சென்றபின், பதின்மூன்றேழு தொண்ணூற்றொன்று ஆயிற்றே என்பது உறுத்தியது. ஆயினும் கால்கள் நிற்க மறுத்தன. இன்னும் 12 கிலோமீற்றர்தானே, ஆறு ஆண்டுக் காத்திருப்பாயிற்றே என்று உள்ளே ஒரு குரல் வாதாடிற்று. அந்தக் குரல் 2012 இலே கேட்ட அதே குரல் என்பதை அடையாளங் கண்டு கூடாரத்துட் புகுந்தோம்.

வெள்ளித்தாள் போன்ற போர்வையாற் சுற்றி, சூடான சாறு கொடுத்து, 25 நிமிடம் இருத்தி வைத்தனர். அங்கிருந்த தாதியிடம் வாய்பாட்டைச் சொல்ல அனுமதி கேட்டோம். எமது மொழியிற் சொன்னமையால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாம் தமக்குத்தாமே பிதற்றுகிறோம் என எண்ணி மேலும் ஐந்து நிமிடம் இருத்தினார். பின்னர் ஆங்கிலத்திற் சொல்லி வெளியேறினோம். எஞ்சிய தூரத்தில் மேடுகளை நடந்தும் சமதரையை ஓடியும் கடந்து, 5 மணி 48 நிமிடத்தில் முடித்தோம். இல்லாள் சுடுநீர்ப்போத்தலிலே கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து காத்துநின்றார். சப்பாத்துக்களுட் பழைய பத்திரிகைத் தாள்களைத் திணித்து அடிக்கடி மாற்றியும், அவை உலர நாலு நாள் சென்றன.