கணிதம் கசக்குமா?

கணக்குக்கு அஞ்சியே விரும்பிய படிப்பைக் கைவிட்டோர் நம்மிடையே உண்டு. காரணம் அறிவுக் குறைவன்று. முழுக் கணக்கையும் ஒரே மூச்சில் விழுங்க முயல்வதே!

நம் கம்பம் பள்ளத்தாக்கு உழவர் வாயில் நாளும் புழங்குவது ‘கன அடி’. முல்லைப் பெரியாற்றிலிருந்து நொடிக்கு 1,000 கன அடி நீர் வந்தால், ஒரு டி.எம்.சி. சேர எத்தனை நாளாகும்? மலைப்பாக இருக்கிறதா? படிப்படியாக ஏறுவோம்.

ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். ஆகவே ஒரு நாளில் வரும் நீர் 8.64 கோடி கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வகுத்தால், ஏறக்குறைய 11½ நாள்!

வேண்டியிருந்தவை பெருக்கலும் வகுத்தலுமே. விடை தவறினாலும், எந்தப் படியில் சறுக்கினோம் என்று திரும்பிப் பார்க்கலாம், அதுவே கற்றல். நண்பர்களே, நாளுக்கொரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அச்சம் தானே அகலும்!