ஏழு போய் ஒன்று வந்தது எப்படி?

ரெயில்வே ஊழியர்களுக்கு இலவச பாஸ் இப்போது கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. ஆனால் குடும்ப விவரம் எழுதிய பழைய படிவங்கள் எங்கள் அலுவலக பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றை அடுக்கி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

1960-களில் எழுதிய படிவங்களில் பிள்ளைகளின் பெயரை எழுத இடம் போதவில்லை. ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறார்கள். சில பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. இறந்துபோன குழந்தைகள்! இன்று வேலையில் சேரும் இளைஞர்களுக்கோ ஒரு பெயர், மிஞ்சினால் இரண்டு.

இந்த மாற்றம் எப்படி வந்தது?

சர்க்கார் சொன்னதாலா?

சிவப்பு முக்கோணத்தையும், "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகத்தையும் அறியாத தமிழர் உண்டா? 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு நம்முடையது. நெருக்கடி நிலையின்போது, 1976-77-ம் ஆண்டில் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. மகாராஷ்டிர சட்டசபை ஒருபடி மேலே போய், மூன்று குழந்தைகளுக்குப் பிறகு கட்டாயக் கருத்தடை என்று 1976-ல் மசோதாவே நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை.

அப்படி ஒரு சட்டம் இல்லாமலேயே பிறப்பு குறைந்துவிட்டது. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகள் சராசரியாக மகாராஷ்டிரத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. பீகாரில் மட்டும் 3.

பாட்டியின் கணக்கு

என் பாட்டி நெல்லைச் சீமையில் இருந்து தாராவிக்கு வந்தவர். தாத்தாவுக்குத் தோல் பதனிடும் வேலை. பாட்டி பெற்றது ஏழு. தங்கியது நான்கு. "ரெண்டு பெத்து நிறுத்தியிருந்தா இன்னிக்கு எனக்குக் கஞ்சி ஊத்த யாருல இருக்கா?" என்பார். அவருடைய முதல் இரண்டும் தவறிவிட்டன!

அது அறியாமை அல்ல, கணக்கு. 1971-ல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28. தமிழ்நாட்டில் 13 மட்டுமே. பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் தாய்மார்கள் துணிந்து நிறுத்தினார்கள்.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா பத்து வயதில் பட்டறையில் கூலிக்கு நின்றவர். அன்று பிள்ளை வரவு. இன்றோ பள்ளிக் கட்டணம், டியூஷன், வேன் என்று எல்லாம் செலவு. அப்பா மூன்றோடு நிறுத்தியதற்கு எங்கள் பள்ளிக்கூடம்தான் காரணம் என்று அம்மா சொல்வார்.

பெண்ணின் படிப்பு எல்லாவற்றையும்விட முக்கியம். பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு 1.8. இதுவும் அதே ஆய்வு சொல்வதுதான். படித்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. வீட்டில் அவள் பேச்சும் எடுபடுகிறது.

ஆண் வாரிசு ஆசை மட்டும் நம் ஜனங்களை விட்டு இன்னும் போகவில்லை. மூன்றாவது பெயர் இருக்கும் இன்றைய படிவத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் அநேகமாகப் பெண்ணாக இருக்கும்.

எங்களுக்குப் பிள்ளைகளின் கல்விப்படி இரண்டு பேருக்குத்தான். அதற்காகத்தான் நிறுத்தினேன் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. படி கணக்குப் பார்ப்பதற்கு முன்பே வீட்டு வாடகை முடிவு செய்துவிடுகிறது!

புதிய கோரிக்கை

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 2024-ல் ஆந்திர முதல்-மந்திரி சந்திரபாபு நாயுடு, அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். 2025 மார்ச்சில், அன்று தமிழக முதல்-மந்திரியாக இருந்த மு.க.ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், குழந்தை பெறுவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார். மக்கள்தொகை குறைந்தால் பாராளுமன்றத்தில் தொகுதிகள் குறையும் என்ற கவலை.

கவலை நியாயமாகவே இருக்கட்டும். பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது?

எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு நான்கு வயதில் ஒரே மகள். குடிசை மாற்றில் கிடைத்த 225 சதுர அடி வீடு. இருவரும் வேலைக்குப் போகிறார்கள். குழந்தை இரவு ஏழு மணி வரை காப்பகத்தில். ஊரில் இருந்து மாமியார் வாரம் தவறாமல் போன் செய்வார்.

"ஒத்தப் பிள்ளையோட நிறுத்தலாமா? தனி மரம் தோப்பாகுமா?"

போன வாரம் மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க இங்க வந்து ரெண்டு வருஷம் இருங்க அத்தை. நான் பெத்துக்கிடுதேன்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மாமியார் கேட்டார்: "வாரேன் தாயி. ஆனா, நான் எங்கன படுக்க?"