உங்களுக்குத் தெரியுமா? ஒரு பேனா, பல வேலைகள்

எழுத்தையே தொழிலாகக் கொண்டவரின் மேசையில் எப்போதும் நாலைந்து வேலைகள் கிடக்கும். பாதியில் நிற்கும் நாவல், கெடு நெருங்கும் தொடர், ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பு, யாரும் கேட்காத கனவு நூல். இன்று எதை எழுதுவது, எதைத் தள்ளிப்போடுவது? பல்லாவரம் முதல் மாமல்லபுரம் வரை இந்தக் கேள்வியைச் சந்தித்தவர்கள் பலர். சில தகவல்கள்:

கரு முன்னே, தொடர் பின்னே
கல்கி எழுதிய 'சிவகாமியின் சபதம்' நாவலின் கரு மாமல்லபுரத்தில் தோன்றியது. ரசிகமணி டி.கே.சி. முதலான நண்பர்களோடு அங்கே போயிருந்ததைக் கல்கியே நூலின் முன்னுரையில் சொல்கிறார். தொடர் தொடங்கியதோ பல ஆண்டுகள் கழித்து, 1944-இல். அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. 'கள்வனின் காதலி', 'தியாக பூமி' என்று வேறு நாவல்களை எழுதினார். ஒரு பத்திரிகையை விட்டு விலகி, 1941-இல் சொந்தப் பத்திரிகையும் தொடங்கிவிட்டார்.

தந்தை கதைக்கு முன் மகள் கதை
கல்கியின் பல்லவ நாவல்களில் முதலில் வந்தது 'பார்த்திபன் கனவு' (1941–43). ஆனால் அதில் வரும் நிகழ்ச்சிகள் 'சிவகாமியின் சபதம்' (1944–46) கதைக்குப் பிற்பட்டவை. நரசிம்மவர்மரை மகளுக்குத் தந்தையாக, பேரரசராக முதலில் பார்த்துவிட்ட வாசகர்கள், அவருடைய இளமைக் கதையை அடுத்த தொடரில்தான் படித்தார்கள். பெரிய கதைக்கு ஆயத்தம் முடியும்வரை அளவான கதை ஓடட்டும் என்பது நல்ல ஏற்பாடுதான்.

ஒரே ஆண்டு, மூன்று பொறுப்பு
1945-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'சிவகாமியின் சபதம்' தொடர் ஓடுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' படத்துக்குக் கல்கியின் எழுத்து. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபத்துக்கு அடிக்கல். அதற்கு நிதி திரட்டும் முயற்சியிலும் முன்னால் நின்றவர் அவரே. இவற்றோடு பத்திரிகை ஆசிரியர் வேலையும் உண்டு. தொடருக்கு அச்சுக்குப் போகும் நாள் ஒன்று இருந்ததால் மற்ற வேலைகள்தாம் அதற்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்திருக்கும்.

பல்லவர், பிரிவினை, சோழர்
பல்லவர் காலத்திலிருந்து கல்கி நேரே சோழர் காலத்துக்குப் போகவில்லை. இடையே 1948–49-இல் 'அலை ஓசை'. விடுதலைப் போராட்டமும் நாட்டுப் பிரிவினையும் அதன் களம். அதை முடித்த பிறகே 1950-இல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. அவர் மறைந்தபின், 1956-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது இடையில் எழுதிய அந்தச் சமூக நாவல்தான்.

வேலையை விட்டார், வேலை கூடியது
மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். அதை விட்டு இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள பல்லாவரத்தில் குடியேறினார். பிறகு மாதச் சம்பளம் இல்லை. ஆராய்ச்சி நூல், நாவல், 'ஞானசாகரம்' இதழ், வெளியூர்ச் சொற்பொழிவு, இலங்கைப் பயணம் என்று எல்லாம் ஒரே வீட்டிலிருந்து நடந்தன. பல்லாவரத்திலேயே அச்சகமும் வைத்துக்கொண்டார்.

தனித்தமிழ்த் தந்தையின் ஆங்கில டைரி
அடிகள் அரை நூற்றாண்டு அளவுக்கு நாட்குறிப்பு எழுதியவர். தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அவர் அதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார்! இத்தனை ஒழுங்கு இருந்தும் எல்லா வேலையும் முடிந்துவிடவில்லை. அவருடைய திருவாசக விரிவுரை முதல் நான்கு பகுதிகளோடு நின்றது. மாணிக்கவாசகர் காலத்தைப் பற்றிய பெரிய ஆராய்ச்சியோ 1930-இல் நூலாக வந்துவிட்டது.

போர் வந்தது, இதழ் நிற்கவில்லை
வை.மு. கோதைநாயகி அம்மாள் 115 நாவல்கள் எழுதியவர். 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது சென்னையே காலியானது. அவரும் செங்கல்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தார். காகிதத் தட்டுப்பாட்டில் எத்தனையோ இதழ்கள் நின்றபோதும் 'ஜகன்மோகினி' வந்துகொண்டிருந்தது. இதழும் தமது, தொடரும் தமது என்றால் தாமதத்துக்குப் பழிபோட ஆள் கிடையாது!

சொல்லச் சொல்ல எழுத ஆள்
கோதைநாயகி தம் முதல் நாடகமான 'இந்திர மோகனா'வைத் தோழியிடம் வாயால் சொல்லித்தான் எழுதினார். அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. ரஷ்யாவின் தஸ்தயேவ்ஸ்கிக்கு நெருக்கடி வேறு மாதிரி. 1866-இல் 'குற்றமும் தண்டனையும்' தொடராக வந்துகொண்டிருந்தபோதே இன்னொரு பதிப்பாளருக்குப் புது நாவல் தர வேண்டியிருந்தது. தவறினால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுத்தெல்லாம் பதிப்பாளருக்கு இலவசம். சுருக்கெழுத்தாளர் அன்னாவை அமர்த்தி, 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி முடித்தார். மறு ஆண்டு அன்னாவையே மணந்துகொண்டார்.

கடிகாரத்தோடு எழுதியவர்
இங்கிலாந்தின் அந்தோணி டிரோலோப் அஞ்சல் துறை அதிகாரி. விடிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்காருவார்; கால் மணிக்கு 250 சொல் என்று கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுவார். அன்றன்று எழுதிய பக்கக் கணக்கும் குறிப்பேட்டில் ஏறும். இப்படி 47 நாவல்கள். சார்லஸ் டிக்கன்ஸோ 1837-இல் 'பிக்விக் பேப்பர்ஸ்', 'ஆலிவர் டுவிஸ்ட்' இரண்டையும் ஒரே சமயத்தில் மாதத் தொடர்களாக ஓட்டினார்.

சோறு போடப் பத்திக், மனசுக்கு ஓவியம்
கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. அன்று அது செங்கல்பட்டு மாவட்டம். இன்று சென்னை மாநகராட்சி. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று நிலம் வாங்கினார்கள். விற்கிற வேலைக்குக் கொஞ்ச நேரம், விற்காவிட்டாலும் செய்தே தீர வேண்டிய வேலைக்கு மீதி நேரம் என்பது அவர்கள் கணக்கு.

மேலிருந்து கீழே
மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள். அதனால்தான் பீம ரதத்தின் மேற்பகுதி நன்கு உருவாகியிருக்க, அடிப்பகுதி முடியாமல் நிற்கிறது. முடியாத குடைவரைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் குடைந்த தடம் இன்றும் தெரிகிறது. ராஜசிம்ம பல்லவன் இங்கே கடற்கரைக் கோயில், காஞ்சியில் கைலாசநாதர் கோயில் என்று இரு பெரும் பணிகளைத் தன் ஆட்சிக்குள் நடத்தினான். ஒரு வேலை நின்ற இடம், எந்த வரிசையில் வேலை நடந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாளுக்கு ஓர் அத்தியாயம்
ஜெயமோகன் 2014 ஜனவரி 1-இல் 'வெண்முரசு' எழுதத் தொடங்கினார். மகாபாரதத்தை நாளுக்கு ஓர் அத்தியாயமாக வெளியிட்டு, 2020-இல் 26 நாவல்களோடு நிறைவு செய்தார். திரைப்பட வேலையும் கட்டுரைகளும் கூடவே ஓடின. ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி விட்டுக்கொண்டதும் திட்டத்தில் சேர்த்திதான்.

குறிப்பு முடித்த கதை
1954 டிசம்பர் 5-இல் கல்கி காலமானபோது 'அமர தாரா' பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். எந்த நாளில் எதை எழுதுவது என்ற அட்டவணை அவரவருக்குத்தான் உதவும். கதை எங்கே போகிறது என்ற குறிப்போ அடுத்தவருக்கும் உதவும். நாலு வேலையைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'அடுத்து என்ன' என்று ஒரு பக்கமாவது எழுதிவைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து அந்த வேலைக்குத் திரும்பும்போது, அந்த அடுத்தவர் நீங்களாகவே இருப்பீர்கள்.