குறுக்கெழுத்துப் புதிரும் கரிசல் மண்ணும்

வினாவி அறிதல் தமிழர்க்குப் புதிதன்று. நாட்டார் வழக்கில் விடுகதையும், புலவர் அவையில் சித்திரகவியும் செழித்தன. 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா வினாவும் விடையுமாக அமைந்ததே. மசலா என்பது இசுலாமியத் தமிழ் இலக்கியத்தின் தனிவகையாகவும் நிலைபெற்றது. இம்மரபினர்க்கு நாளிதழ்களின் குறுக்கெழுத்துப் புதிர் அயலானதன்று. வடிவம் மட்டுமே மேலைநாட்டு வரவு. ஆர்தர் வின் என்பார் 1913 டிசம்பர் 21இல் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் முதற்புதிரை வெளியிட்டார்.

ஆங்கிலப் புதிருக்கு 26 எழுத்துகளே கருவி, தமிழுக்கோ 247. உயிர்மெய்யும் புள்ளியெழுத்தும் தனித்தனிக் கட்டம் பெறும். 'பருத்தி' நான்கு கட்டம். மூன்றாம் கட்டத்துத் 'த்' மொழிக்கு முதலாகாது. ஆதலின் அங்கிருந்து வேறொரு சொல் தொடங்காது. 'வித்து' போன்ற சொல்லே நடுவெழுத்தால் அதனை வெட்டிச் செல்லும். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் ஈற்றில் வாராது என்னும் விதியும் துணை செய்யும். தொல்காப்பியத்து மொழிமரபு கற்ற மாணவர்க்கு இப்புதிர் இலக்கணப் பயிற்சியே ஆகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியையே பொருளாகக் கொண்டு ஒரு புதிர் அமைப்போம். இடமிருந்து வலமாக முதற்குறிப்பு: 'விழியுடன் மடிந்துபோ, நீர் நிற்கும் (4).' விழி என்பது கண். மடிந்துபோ என்பது மாய். விடை கண்மாய். அடுத்தது: 'கூந்தலுக்கும் ஆகும், குழம்புக்கும் ஆகும் (3).' மலரையும் கொத்துமல்லியையும் ஒருங்கே சுட்டும் 'மல்லி' இதன் விடை. அருப்புக்கோட்டை மல்லிகையின் மணம் அறிந்தோர்க்கு இச்சிலேடை எளிதிற் புலப்படும்.

இனி மூன்றாவது: 'கரிசலில் விளையும் தானியம் (3).' கம்பு எனலாம், சோளம் எனலாம். இரண்டும் மூன்று கட்டம். இரண்டும் இம்மண்ணின் விளைவு. இங்கே மேலிருந்து கீழாக வரும் 'கசப்பால் அறியப்படும் நிழல்மரம் (3)' என்னும் குறிப்பே நடுவராகிறது. வேம்பின் 'ம்' நடுக்கட்டத்தில் அமர்ந்ததும் சோளம் விலகுகிறது, கம்பு நிலைக்கிறது. வெட்டிச் செல்லும் அச்சொல் இல்லையெனில் விடைகாண்போர் இரண்டில் ஒன்றை ஊகித்தே எழுத நேரும்.

ஆதலின் கட்டங்களை நிரப்பியதோடு பணி முடிவதில்லை. நிரப்பியபின் ஒவ்வொரு குறிப்பையும் மீண்டும் எடுத்து ஆராய்தல் வேண்டும். குறிப்பில் வீண்சொல் உண்டா? விடை பொருளெல்லைக்குள் அடங்குகிறதா? அனைத்தினும் மேலாக, வேறு விடைக்கு இடம் உண்டா? இம்மறுபார்வையே புதிரின் தரத்தைக் காட்டுவது.

இதனை வெறும் பொழுதுபோக்குச் சிக்கல் எனத் தள்ளுதற்கில்லை. ஒருகாலத்தில் நம் நாட்டில் பெருந்தொகைப் பரிசுடன் சொற்போட்டிகள் நடந்தன. பொருந்தும் சொற்கள் பல இருக்க, நடத்துவோர் முன்னரே தேர்ந்து வைத்த ஒன்றே 'சரியான விடை' எனப்பட்டது. அறிந்தவரும் அறியாதவரும் அங்கே ஒருநிலையினரே. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் திங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் போட்டிகளைத் தடை செய்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஆராய்ந்து, திறமையால் வெல்லும் போட்டி வேறு, வாய்ப்பால் வெல்லும் சூது வேறு எனப் பிரித்துரைத்தது.

அப்பிரிவினை நம் கரிசற் புதிரிலேயே விளங்கக் காணலாம். வேம்பு வெட்டிச் செல்லும் 'கம்பு' அறிவின் விடை. வெட்டும் சொல்லற்ற 'கம்பு' சூதின் விடை. மழையை நம்பி விதைப்பவனுக்கு வேறு வழியில்லை. புதிர் அமைப்போனுக்கோ உண்டு. விடைகாண்போன் ஊகத்தை நம்பும் நிலை நேராதவாறு குறிப்பை வரைதல் அவன் கடன். அத்தகைய புதிர்களை நம் ஊர்ச் சொற்களைக் கொண்டே மாணவர்கள் இயற்றுவார்களாயின், மொழியறிவோடு நேர்மையும் ஒருங்கே வளரும்.