பொடக்காலித் தோட்டத்துக்கு எத்தனை நிமிசம் வேணும்?

வீட்டுத்தோட்டம் போடச் சொல்லிக் கொடுப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "உங்க வீட்டுல எத்தனை சதுர அடி இடம் இருக்குதுங்க?" என்பதுதான். வேலைக்குப் போகிற பெண்ணிடம் இடத்தைக் கேட்டு என்ன பிரயோஜனம்? "ஒரு நாளைக்கு எத்தனை நிமிசம் இருக்குது அம்முணி?" என்றல்லவா கேட்க வேண்டும்!

நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அத்தை என்று ஐந்து பேருக்குச் சமையல். துடியலூர்ப் பக்கம் வீடு. பொடக்காலியில் பத்துக்கு எட்டடி மண் இருக்கிறது, மேலே மொட்டைமாடி. இதில் தோட்டத்துக்கென்று எனக்கு வாய்ப்பது தினம் இருபது நிமிடம். அதற்குள் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். "நஞ்சில்லா உணவு நம்ம வீட்டிலிருந்தே தொடங்கட்டும்" என்று நாம் மேடையில் பேசும்போது அந்த 289க்கு மேல் இன்னும் கொஞ்சத்தைச் சேர்க்கிறோம். இது பேசுகிறவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

அப்படியும் தோட்டம் எதற்கு என்றால், கீரைக்காக. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வழித்துத் தின்கிற பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து பேர் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் தினம் அரைக்கிலோ. என் பொடக்காலி அவ்வளவு தராது. வாரத்தில் மூன்று நாள் தரும். மீதிக்கு உழவர் சந்தைதான், அதில் வெட்கமில்லை.

நான் செடியைத் தேர்ந்தெடுப்பது நிமிடக் கணக்கில்தான். தக்காளி, கத்தரி, காலிஃபிளவர் மூன்றும் ஆள் கேட்கிற பயிர்கள். குச்சி கட்டணும், புழு பார்க்கணும், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் கதை முடிந்தது. அரைக்கீரை அப்படியல்ல. விதைத்து ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு வெட்ட வெட்டத் துளிர்க்கும். சுக்குட்டிக்கீரை (வேறு ஊர்க்காரர்களுக்கு மணத்தக்காளி) பறவை போட்ட விதையிலேயே முளைத்துக்கொள்ளும். வேலியோரம் ஒரு முருங்கைப் போத்து, ஒரு கறிவேப்பிலை. இந்த நாலும் வேர்பிடித்த பிறகு பெரிதாக எதையும் கேட்பதில்லை. மாடிப் பைகளில் உயரமான செடி வைக்காததற்குக் காரணம் நம்ம ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று பையோடு சேர்த்துச் சாய்த்துவிடும்.

கொடுமுடி டாக்டர் நடராசன் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த பஞ்சகவ்யத்தை, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் கலந்து பதினைந்து நாளுக்கொரு முறை தெளிக்கிறேன். நானே தயாரிப்பதில்லை. வாரக்கணக்கில் காலையும் மாலையும் கலக்கிவிட எனக்கு ஏது நேரம்? தெரிந்த விவசாயியிடம் வாங்கிக்கொள்கிறேன். அவருக்கும் நாலு காசு.

சமையலுக்கு வருவோம். முருங்கைக்கீரையை உருவ நேரமில்லை என்பதுதான் எல்லாருடைய புலம்பலும். சாயங்காலமே கொத்தை ஒடித்து ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். விடிந்ததும் உதறினால் இலை பெரும்பாலும் தானே கொட்டிவிடும். அரிசிம்பருப்புச் சாதம் வெந்ததும் குக்கரைத் திறந்து, இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு நாலைந்து நிமிடம் சிறுதீயில் விட்டால், கீரைக்கென்று தனிச்சட்டி வேண்டாம். இறக்கியபின் எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி கைகொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்தை அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ரத்தசோகை என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் விடக்கூடாது. கீரை மட்டும் போதும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

கொள்ளு இன்னொரு கைகண்ட துணை. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வேகவைத்தால், வடித்த தண்ணியில் ரசம், பருப்பில் கடைசல். ஒரே வேக்காட்டில் இரண்டு.

தோட்ட வேலை செய்தால் தனியாக உடற்பயிற்சி வேண்டாம் என்கிறார்களே, அது பாதி உண்மை. தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். நூறு வயதைத் தாண்டியும் பவானிக்கரையில் இரண்டரை ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2024 செப்டம்பரில் மறைந்தவர். மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தி, அந்த வருமானத்தில் நிலம் வாங்கியவர். அது ஒரு ஆயுளின் உழைப்பு. எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு நாலு கீரை கிள்ளுகிற நான் அவரோடு என்னைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது, அந்த அளவுக்கு மூச்சு ஏறணும். கீரை ஆய்வதில் மூச்சு ஏறாது. மண் கொத்துவதிலும், எரு புரட்டுவதிலும், வாளி தூக்குவதிலும் ஏறும். பத்து லிட்டர் வாளி இரண்டு கைக்கும் சேர்த்து இருபது கிலோ. அதனால் வாரத்தில் இரண்டு நாள் ஓஸ் பைப்பை விட்டுவிட்டு வாளியில் மாடிக்குச் சுமக்கிறேன். குனிந்து தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்து தூக்கினால் இடுப்பு தப்பும். இந்த இரண்டு நாளில் நாற்பது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை எருக்குழியில் இருபது. பஸ் ஸ்டாப்புக்கு வேகநடை போகவர தினம் இருபது வீதம் ஐந்து நாளைக்கு நூறு. ஆக 160. முட்டிவலி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வாளியைக் கேட்டுக்கொண்டு தூக்குங்கள்.

மீதி நாளில் தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு. "உனக்கு உதவி செய்யறேன்" என்று அவர் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. சாப்பிடுகிறவர் ஐந்து பேர், அப்புறம் தோட்டம் எப்படி என் ஒருத்தி வேலையாகும்? கீரை ஆய்வது டிவி முன்னால் எல்லாரும் ஒட்டுக்கா உட்கார்ந்துதான். அத்தை தலையில் மட்டும் கட்டுவதில்லை, அவரும் 289 நிமிடக் கணக்கில் வருகிறவர்தான். மகன் சமையலறைக் கழிவைக் குழியில் கொட்டுகிறான். மறந்தால் மறுநாள் இரண்டு வாளி.

இந்த முறை அரைக்கீரையில் நாலு செடியை அறுக்காமல் பூக்க விட்டிருக்கிறேன். கதிர் முற்றிக் காய்ந்ததும் உதிர்த்துச் சாம்பலில் புரட்டி வைத்துவிடுவேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தால் ஆளுக்கொரு பிடி கிடைக்கும்.