கட்டுமான வெடிவைப்பாளர் பயிற்சி

வெடிவைப்பாளர் என்பவர் கல்குவாரி, சாலை, கிணறு, அடித்தளம் போன்ற பணிகளில் வெடிமருந்தைக் கொண்டு பாறையை உடைக்கச் சட்டப்படி தகுதி பெற்றவர் ஆவார். குவாரிகளில் இவர் பிளாஸ்டர் என்றும், கட்டுமானப் பணிகளில் ஷாட் ஃபயரர் என்றும் அழைக்கப்படுகிறார்.

பின்னணி

2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டம் கடினப் பாறைகள் நிறைந்தது. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் இருவகைக் குவாரிகள் உள்ளன. மெருகூட்டி விற்கும் கிரானைட் கற்களில் விரிசல் விழக்கூடாது என்பதால் அவற்றை வைரக் கம்பி ரம்பத்தால் அறுக்கின்றனர். வெடி வைத்தாலும் மிகக் குறைவாகவே வைக்கின்றனர். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் பாறை நொறுங்க வேண்டும் என்பதால் அங்கு வெடியே முதன்மையான முறையாகும். ஓசூர், பெங்களூரு கட்டுமானங்கள் இத்தொழிலுக்கான தேவையைத் தொடர்ந்து உருவாக்குகின்றன.

இரண்டு தகுதிகள்

குவாரிப் பணிக்கும் கட்டுமானப் பணிக்கும் தனித்தனித் தகுதிகள் உண்டு.

குவாரியில் பணியாற்ற, 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி வழங்கப்படும் பிளாஸ்டர் தகுதிச் சான்றிதழ் தேவை. இதற்கான தேர்வு, தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தைச் சார்ந்தது. 6 மீட்டர் ஆழத்துக்கும் 50 தொழிலாளர்களுக்கும் மிகாத சிறு கல்குவாரிகளுக்கு 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆனால் வெடி பயன்படுத்தினால் அந்த விலக்கு கிடையாது.

சாலை வெட்டுதல், கிணறு தோண்டுதல் போன்ற பணிகளுக்கு 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி ஷாட் ஃபயரர் அனுமதி தேவை. இதை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு வழங்குகிறது. இவை மத்திய அரசின் சட்டங்கள் என்பதால், தமிழக, கர்நாடக எல்லையின் இரு புறமும் இவையே பொருந்தும். பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த அனுபவம் மட்டும் இத்தகுதிக்கு ஈடாகாது.

பயிற்சியின் உள்ளடக்கம்

துளைகளின் இடைவெளி, வெடிமருந்தின் அளவு ஆகியவற்றுடன், வெடிப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவையும் பயிற்சியில் முக்கிய இடம் பெறுகின்றன.

* வெடிக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் உள்ள அனைவரும் பாதுகாப்பான இடத்துக்குச் சென்றதை உறுதி செய்தல். பாதைகளில் காவலர்களை நிறுத்தி எச்சரிக்கை ஒலி எழுப்புதல்.
* வெடித்த துளைகளை எண்ணுதல். எண்ணிக்கையில் ஐயம் இருந்தால், திரி வைத்த வெடிக்கு 30 நிமிடம் கழியும் வரை யாரையும் அருகில் விடக்கூடாது.
* வெடிக்காமல் நின்ற துளையில் மீண்டும் துளையிடாதிருத்தல்.
* வெடிமருந்தையும் டெட்டனேட்டரையும் தனித்தனியே வைத்தல். வரவு, செலவு, மீதியைப் பதிவேட்டில் எழுதுதல்.

கடைசியாகச் சொன்னதன் முக்கியத்துவத்தை அண்டை மாநில விபத்து ஒன்று காட்டுகிறது. 2021 பிப்ரவரி 23 அன்று கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் ஹிரேநாகவல்லி அருகே, குவாரிக்கான ஜெலட்டின் குச்சிகள் வெடித்து 6 பேர் உயிரிழந்தனர். அவர்கள் பாறையை உடைத்துக்கொண்டிருக்கவில்லை. குச்சிகளை அப்புறப்படுத்த முயன்றபோதே அவை வெடித்தன.

அதிர்வும் குடியிருப்புகளும்

குடியிருப்புகள் குவாரிகளை நெருங்கும் இடங்களில் நில அதிர்வு முக்கியச் சிக்கலாகும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, குவாரி உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, 8 ஹெர்ட்சுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 5 மில்லிமீட்டரை வரம்பாக வைத்துள்ளது. எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் வெடிக்காமல், மில்லிநொடி இடைவெளிகளில் அடுத்தடுத்து வெடித்தால் அதிர்வு குறையும்.

அண்மை மாற்றம்

2025 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மின் டெட்டனேட்டர்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. அவற்றுக்கு மாற்றாக, அதிர்வுக் குழாய் வழியே இயங்கும் மின்சாரமற்ற டெட்டனேட்டர்களும் மின்னணு டெட்டனேட்டர்களும் உள்ளன. இதனால் பழைய முறையில் தேர்ச்சி பெற்றவர்களும் புதிய கருவிகளில் மறுபயிற்சி பெற வேண்டியுள்ளது.