மெட்டுக்குள் பாரதி

மொன்றியலில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து பேசுகிறேன். தொழிலால் நான் தாதி. இன்றைய பேச்சு என் மகள் கேட்ட கேள்வியில் தொடங்கியது.

காரில் போகும்போது அவள் ‘சுட்டும் விழிச்சுடர்’ பாடினாள். இங்கே பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். “இதை எழுதினது வைரமுத்துவா அம்மா?” என்றாள். பாரதியார் என்றேன். அவள் நம்பவில்லை. சினிமா மெட்டில் போட்டால் கவிதைக்கு என்ன நடக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

பாரதி ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். ஷெல்லிக்கு முன்பே, 1798இல், வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் நாட்டுப்புறக் கதைப்பாடல் வடிவத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்தார்கள். பாரதி நம்முடைய சிந்தையும் கும்மியையும் எடுத்துக்கொண்டார். ‘கண்ணன் பாட்டு’ நூலில் இந்தக் கவிதைக்குச் செஞ்சுருட்டி ராகம், ஏக தாளம் என்ற குறிப்பே இருக்கிறது. ஆகவே மெட்டு இதற்குப் புதிதல்ல. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவள் நான். பாட்டாகக் கேட்ட தமிழ் எளிதில் மறக்காது என்பது எனக்குத் தெரியும்.

2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் இதற்குப் புதிய மெட்டுப் போட்டார், ஹரிஹரன் பாடினார். ‘கண்ணம்மா’ என்ற விளி திரும்பத் திரும்ப வருவதால், பாடகருக்கு நின்று இழைய ஓர் இடம் கிடைக்கிறது. 1982இல் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் எல். வைத்தியநாதன் இசையமைத்த பாட்டில் ‘நந்தலாலா’ என்ற விளிக்கும் அதே வேலைதான்.

ஆனால் இழப்பும் உண்டு. கவிதையின் கடைசிப் பகுதியில் ஒரு வாதம் இருக்கிறது. காதலி முறை பேசுகிறாள். சடங்கெல்லாம் பிறகு ஆகட்டும் என்று காதலன் அவசரப்படுகிறான். இனிமையான மெட்டில் அந்த வாதம் காதில் விழாமலே போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்து இருவரும் புத்தகத்தை எடுத்தோம். ‘சாத்திரம்’ என்ற சொல்லில் மகள் நின்றாள். “ஏனம்மா, அவைக்குச் சாதகம் பொருந்தேல்லையா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் சாத்திரம் என்றால் சாதகம் பார்ப்பதுதானே! சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினேன். “அப்ப இது சண்டைப் பாட்டா?” என்றாள். பாதி சண்டைதான்.

பாட்டு இல்லையென்றால் அவள் பாரதியிடம் வந்திருக்கமாட்டாள். பாட்டோடு நின்றிருந்தால் அந்தச் சண்டை தெரிந்திருக்காது. உங்கள் பிள்ளைகளும் இதைப் பாடினால், அன்றைக்கே கவிதையைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சின்னக் கவிதைதான்.